யாருடைய ஹோல், யாருடைய கதிரை?

போன மாதம் அக்காவின்ர புது வீட்டுக்குப் போனேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி ஹோல். அதுக்குள்ள மூன்று பேர் இருக்கிற சோபா ஒன்று, ஒற்றைச் சோபா இரண்டு, நடுவில் கண்ணாடி மேசை, சுவரை அடைச்சுக்கொண்டு ஒரு சோகேஸ். கடையில் சுத்தித் தந்த பொலித்தீன் சோபாவில் அப்பிடியே இருக்குது. அக்காவும் அத்தானும் குசினிப் பக்கம் பாய் விரிச்சு, அதில இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம்தான் வந்தது.

அம்மம்மாவின் சாய்மனைக் கதிரைக்குப் புதுசாப் பிரம்பு பின்னித் தரச்சொல்லி அக்கா கேட்டவா. அத்தானுக்குப் பழைய சாமான் பிடிக்காது. சித்திரவேலை ஒண்டும் இல்லாத, தாழ்வான இருக்கை போதும் எண்டவர். கல்யாணத்துக்கு முதல் இரண்டு பேரும் இதுக்காகப் போனில் சண்டையும் பிடிச்சவை. நல்ல சண்டை. அதை முடிக்கத்தான் ஒருத்தரும் விடேல்லை. "மாப்பிள்ளை பகுதி வந்து பாக்கேக்க ஹோல் நிறைஞ்சிருக்கோணும்" எண்டு பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். அம்மாவின் காப்பில் ஒன்று அடகுக்குப் போனது. சோபா வந்தது.

இதுக்குப் பேர் "பிள்ளைக்குச் செய்து குடுத்தது". பிள்ளைக்கா செய்தது? ஊருக்கு எல்லோ செய்தது!

பெரியவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கு, மறுக்கேல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனம் கதிரை, கட்டிலைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. திரும்பி வந்தபோது பல வீடுகளில் கதவு நிலைகூட இல்லை. வெறும் வீட்டைக் கண்ட தலைமுறைக்கு நிறைஞ்ச ஹோல் ஒரு ஆறுதல். ஆனால் அந்த ஆறுதலைக் காப்பை அடகு வைத்து வாங்கி, பிள்ளையின்ர வீட்டுக்குள் இறக்கி வைக்கலாமா?

இதில் சட்டமும் ஒரு பகிடி விட்டிருக்கு. தேசவழமைக்கு உட்பட்ட பெண்களுக்கு 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்று உண்டு. அதன்படி மனைவி தன் அசையும் சொத்தைத் தன் விருப்பப்படி கைமாற்றலாம். காணி, வீடு எண்டால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அதாவது, சீதனமாக எழுதின வீட்டை அக்கா தனியே விற்க ஏலாது, கதிரையை விற்கலாம். சட்டம் முழுசாக அவவுக்கு விட்டுவைத்தது அந்தக் கதிரையைத்தான். அதைத் தெரிவுசெய்யவும் நாங்கள் விடேல்லை.

அத்தான்மாருக்கும் ஒன்று சொல்லோணும். "நான் ஒண்டும் கேக்கேல்லை, அவை விரும்பித் தந்தது" எண்டு தப்ப ஏலாது. வேண்டாமெண்டால் திருப்பி அனுப்புங்கோ. பாதிக் காசு போட்டால்தான் பாதி ரசனையைப் பற்றிக் கதைக்கலாம்.

இரண்டு ரசனை ஒரு ஹோலில் இருக்க ஏலாது எண்டு ஆர் சொன்னது? கொழும்பு பகதலே வீதி 33ஆம் ஒழுங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வாழ்ந்த வீட்டில் பழைய செட்டிநாட்டுத் தூண்களும் நவீனக் கதிரைகளும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. அவரிட்டக் காசு இருந்தது எண்டுவியள். சரி, எங்கட கணக்குக்கு வருவம். ஒரு சாய்மனைக் கதிரை, ஒரு தாழ்ந்த வாங்கு. இரண்டுக்கும் ஒரே நிறப் பொலிஷ், ஒரே துணியில் மெத்தை உறை. ஹோலை அளந்துபோட்டு ஊர்த் தச்சரிட்டப் போங்கோ. விட்டுக்குடுக்கவே ஏலாத சாமான் ஆளுக்கு ஒன்று, மிச்சமெல்லாம் கதைச்சு முடிவெடுக்கிறது. அவசரமும் வேண்டாம். முதல் ஆறு மாதம் பாயிலும் பிளாஸ்டிக் கதிரையிலும் இருந்து பாருங்கோ. எந்த யன்னலால வெயில் விழுகுது, ஆர் எங்க இருந்து வாசிக்கிறது எண்டு அந்த வீடே சொல்லும்.

ஊருக்குக் காட்ட வாங்கின சோபா வீட்டுக்காரரை நிலத்தில் இருத்திப்போட்டுது. கதிரைக்காகச் சண்டை பிடிக்கிற உரிமையையாவது இரண்டு பேருக்கும் விட்டுவிடுங்கோ.

எங்கட வீட்டில் அடுத்தது என்ர முறை. அம்மாவிட்ட இப்பவே சொல்லிப்போட்டன்: மற்றக் காப்பு கையிலேயே இருக்கட்டும்.