விண்வெளியில் செய்த சரக்கு

மாணவர்களே, விண்வெளியில் செய்து பூமியில் விற்கப்பட்ட முதல் பொருள் எது தெரியுமா? ‘லேட்டக்ஸ்’ மணிகள்! ரப்பர் பாலுக்குச் சொல்லும் அதே பெயர்தான். ஆனால் இது மரத்தில் வடித்த பாலன்று. ஸ்டைரீன் என்னும் வேதிப்பொருளில் செய்தது. 1983இல் சேலஞ்சர் விண்ணோடத்தில் உருவான ஒவ்வொரு மணியும் 10 மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. நுண்ணிய அளவுகளைச் சரிபார்க்க 1985இல் அவை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன.

பூமியிலேயே செய்தால் என்ன? ஜாசின், அலோர் காஜா பக்கம் பால் மரம் வெட்டிய தாத்தா பாட்டி இருந்தால் கேளுங்கள். அம்மோனியா கலந்த பாலை நாள்கணக்கில் விட்டுவைத்தால் ரப்பர் துகள்கள் மெல்ல மேலே ஏறும். அவை நீரைவிட இலேசானவை. கோப்பையில் மைலோ அடியில் தங்குவதும் இதே கதைதான். வளரும் மணிகளும் இப்படி மிதந்தோ தங்கியோ போகும். வேகமாகக் கலக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுற்றுப்பாதையில் அந்தத் தொல்லை இல்லை. அதற்காக அங்கே ஈர்ப்பே இல்லையென்று தேர்வில் எழுதிவிடாதீர்கள்! 400 கிலோமீட்டர் உயரத்திலும் ஏறக்குறைய 90 விழுக்காடு ஈர்ப்பு உண்டு. கலமும் உள்ளிருக்கும் பொருளும் சேர்ந்தே விழுவதால் எடை தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இன்று இது தனியார் தொழில். வர்தா என்ற அமெரிக்க நிறுவனத்தின் கலம் 2023 ஜூனில் கிளம்பி, ரிட்டோனவிர் என்ற எச்ஐவி மருந்தின் படிகங்களோடு 2024 பிப்ரவரியில் யூட்டாவில் தரையிறங்கியது. இந்தியா 2007 ஜனவரியிலேயே எஸ்ஆர்இ-1 கலத்தை 12 நாள் சுற்றவிட்டு, வங்கக் கடலில் இறக்கி மீட்டது.

அதே ஆண்டு அக்டோபரில் நம் ஷேக் முஸாபார் பறந்தார். விண்ணப்பித்த 11,000க்கும் மேற்பட்டவர்களில் இறுதி நால்வருள் ஒருவராக வந்தவர் தமிழ்ப்பெண் வனஜா. ஷேக் அங்கே புரதப் படிகங்களை வளர்த்துப் பார்த்தார். அவர் பறந்த படம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. படிகத்தைப் பற்றி யார் பேசுகிறோம்? இதுதான் என் ஆதங்கம். அடுத்து யாரை அனுப்புவது என்பதைவிட, எதைச் செய்து கொண்டுவருவது என்ற கேள்விதான் பெரியது.

இதனால் பத்து பெரண்டாம் தொழிற்பேட்டை காலியாகிவிடாது. ஏவும் செலவு அதிகம். கையளவில் பெருவிலை போகும் மருந்து, கண்ணாடி இழை, சில்லுக்கான படிகம் போன்றவைதான் கட்டுபடியாகும். அந்தப் படிகத்தையும் பூமியில்தான் வெட்ட வேண்டும், சோதிக்க வேண்டும், சில்லாக்கிப் பொதிய வேண்டும். சில்லைச் சோதித்துப் பொதிவது மலாக்காவுக்குப் பழகிய வேலை. அங்கே நீங்கள் இயந்திரத்துக்கு முன்னால் நிற்பவரா, அதை வடிவமைப்பவரா என்பதைப் படிவம் நான்கில் நீங்கள் எடுக்கும் இயற்பியலும் வேதியியலும் பெரிதும் தீர்மானிக்கும். ‘கஷ்டம் டீச்சர்’ என்று ஒதுங்குவோரை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

படிவம் மூன்றில் இருப்பவர்கள், பாடத்தேர்வுத் தாளை நிரப்பும் முன், தொழிற்சாலைக்குப் போகும் அக்காவிடமோ மாமாவிடமோ ஒன்று கேளுங்கள்: ஒரு சில்லைக் கழித்துப் போடுவது எதனால்?