கோப்பையும் களமும்

கோப்பை யாருக்குக் கிடைத்தது என்று வினவுவார் பலர். அதனை வென்றோர் எந்தக் களத்தில் ஆடி வளர்ந்தனர் என்று வினவுவார் மிகச் சிலர். ஒரு கோஷ்டியின் பெருமையை அது பெற்ற கோப்பைகளின் தொகையைக் கொண்டு மட்டும் அளத்தல் தகாது. அது யாரால் தாங்கப்பட்டது, அதன் களம் யார் யாருக்குத் திறந்திருந்தது என்பவற்றையும் உடன் வைத்து எண்ணுதல் வேண்டும். இக்கருத்தை விளக்குதற்குச் சென்னை ராஜ்யக் கிரிக்கெட் கோஷ்டியார் ஆடிய 1954-55 ஆம் ஆண்டுப் பருவத்தைச் சான்றாக எடுத்துக்கொள்வோம்.

ரஞ்சிக் கோப்பைப் பந்தயத்தின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 ஆம் நாள் சேப்பாக்கத்தில், சென்னைக்கும் மைசூருக்கும் இடையே தொடங்கி, அன்றைய தினமே முடிந்தது. சென்னைக்காக ஆடிய ஏ. ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்தினார். இத்தகைய நற்றொடக்கம் வாய்த்தும் கோப்பை சென்னைக்கு எளிதில் எட்டவில்லை. 1935-36 இலும் 1940-41 இலும் இறுதியாட்டம் வரையிற் சென்று தோற்றுத் திரும்பினர் சென்னையார். முதல் ஆட்டம் நடந்து இருபதாண்டுகள் கழிந்த பின்னரே, பாலு அழகண்ணன் தலைமையில், அவர்கள் மூன்றாம் முறையாக இறுதியாட்டத்திற் புகுந்தனர்.

எதிர்நின்றவரோ இந்தூர் ஹோல்கார் கோஷ்டியார். அக்காலத்தில் அவரை எண்ணி அஞ்சாதார் சிலரே. இந்தூர் மகாராஜா யஷ்வந்த்ராவ் ஹோல்கார் ஆட்டத்திற் சிறந்தாரைப் பல திசையினின்றும் வரவழைத்து, தம் படையில் உத்தியோகமும் ஊதியமும் அளித்துப் போற்றிவந்தார். கர்னல் சி. கே. நாயுடுவும் காப்டன் முஷ்டாக் அலியும் அங்ஙனம் ஆதரிக்கப்பட்ட பெருவீரர்கள். ஆட்டத்தையே தொழிலாகக் கொள்வது நம் நாட்டில் அரிதாயிருந்த அந்நாளில், தொழில்முறைக் கோஷ்டி என்னத் தகுந்தது ஒன்று உண்டெனின் அஃது இதுவே. 1945-46, 1947-48, 1950-51, 1952-53 என நான்கு பருவங்களில் கோப்பை அவர்களுக்கே உரியதாயிற்று. சென்னையாருள் பெரும்பாலோரோ அலுவலகப் பணியோ கல்லூரிப் படிப்போ உடையராய், எஞ்சிய பொழுதில் ஆட்டம் பயின்றவர்கள்.

இந்தூரிலேயே நடந்த அவ்விறுதியாட்டத்தில் சென்னையார் முதலில் 478 ஓட்டங்களும் பின்னர் 311 ஓட்டங்களும் எடுத்தனர். ஹோல்காரார் எடுத்தவை 417 உம் 326 உம். 46 ஓட்டங்களே வெற்றியை நிர்ணயித்தன. அவ்வாட்டத்தில் 75 உம் 91 உம் எடுத்து, ஏழு விக்கெட்டுகளையும் வீழ்த்தியவர் கிருபால் சிங். அவர் யாரெனின், இருபதாண்டுகட்கு முன் சேப்பாக்கத்தில் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்திய அந்த ராம்சிங்கின் புதல்வரே! தந்தை தொடங்கிய பணியை மகன் முடித்துவைத்தார். ராம்சிங் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் ஆட்டமேனும் ஆடும் வாய்ப்புப் பெற்றிலர். எனினும் மனஞ் சோராது இளைஞர்க்கு ஆட்டம் பயிற்றி வந்தார். கிருபால் சிங்கோ 1955 நவம்பரில் ஹைதராபாத்தில் நியூஸிலாந்தை எதிர்த்துத் தம் முதல் டெஸ்டிலேயே நூறு ஓட்டங்கள் எடுத்தார். ஒரு பருவத்து வெற்றிக்குப் பின்னால் எத்தனை பருவங்களின் உழைப்பு மறைந்து கிடக்கிறது என்பதை இதனால் அறியலாம்.

இனி, தோற்ற கோஷ்டியின் பிற்கதையைக் காண்போம். 1948 இல் இந்தூர் சமஸ்தானம் மத்திய பாரதத்தோடு இணைந்தது. கொடுத்த கை தளர்ந்தபின் கோஷ்டியும் நெடுநாள் நிற்கவில்லை. சென்னையாரிடம் தோற்ற அப்பருவமே ஹோல்கார் என்னும் பெயருடன் அவர்கள் ஆடிய கடைசிப் பருவம் ஆயிற்று. வள்ளன்மையை நாம் இகழ்கின்றோம் அல்லோம். அரசர் பொருள் ஈந்திராவிடின் பல திறமைகள் வெளிப்படாமலே மறைந்திருக்கும். ஆயினும் ஒற்றைத் தூணின்மேல் நிற்கும் மண்டபம் அத்தூண் சாய்ந்தால் தானும் சாயுமன்றோ?

இதற்கு மாறானதோர் உதாரணம் அமெரிக்காவில் உண்டு. விஸ்கான்சின் ராஜ்யத்தில் கிரீன் பே என்பது ஒரு சிற்றூர். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பாலைத் தொழிலாக ஆடும் பாக்கர்ஸ் என்னும் கோஷ்டி அவ்வூருக்கு உரியது. பணமுட்டால் அது கலைந்துபோகும் நிலை வந்தபோது, 1923 இல் ஐந்து டாலர் வீதம் பங்குகள் விற்று ஊராரே அதனை ஏற்றுக்கொண்டனர். 1929 ஆம் ஆண்டுப் பருவத்தில் அக்கோஷ்டி பன்னிரண்டு ஆட்டங்களில் வென்று, ஒன்றைச் சமன்செய்து, ஒன்றிலும் தோலாது முதலிடம் பெற்றது. அடுத்த இரண்டு பருவங்களிலும் முதலிடத்தை விடவில்லை. அந்நாளில் அதனோடு ஆடிய சிற்றூர்க் கோஷ்டிகள் யாவும் மறைந்தொழிய, பலர் கையால் தாங்கப்பட்ட அஃது ஒன்றே இன்றளவும் நிலைத்துள்ளது.

‘சென்னையார் மறுமுறை கோப்பை வெல்ல 1987-88 வரை முப்பத்து மூன்றாண்டுகள் காத்திருந்தனரே, அது பெருமையா?’ என்று ஒருவர் கேட்கலாம். அக்காலம் முழுவதும் அவர்களுடைய ஆட்டம் நின்றுவிடவில்லை என்பதே நம் விடை. நகரத்துச் சங்கங்களும், அலுவலகங்களும், கல்லூரிகளும் தம்முள் ஆடிய பந்தயங்கள் ஆண்டுதோறும் புதிய இளைஞரை ஈன்றுகொண்டே இருந்தன. கோப்பை வாராத ஆண்டிலும் களம் வெறுமையாய்க் கிடக்கவில்லை.

தலைநகரின் கதை நமக்கு எதற்கு எனில், நம் கண்ணெதிரே நிற்கும் சேர்வராயன் மலையை நோக்குவோம். ஏற்காட்டில் 1917 இல் தோன்றிய மாண்ட்போர்ட் பள்ளியின் விரிந்த மைதானங்களைக் கண்டு மகிழாதார் இல்லை. ஆனால் அப்பள்ளி வேலிக்கு அப்பால், காப்பித் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளும், மலையாளிகள் எனப்படும் மலைக்குடிகளின் பிள்ளைகளும் எங்கே ஆடுகின்றனர்? சரிவான பாதையிலும், வண்டிகள் திரும்பும் வளைவிலும் அன்றோ? சமநிலத்தில் களம் தானே அமையும். மலையிலோ சரிவை வெட்டி, கல்லை அகற்றி, கரை கட்டினாலன்றி அமையாது. அங்ஙனம் அமையக்கூடிய சிறிதளவு இடமும் இன்று விடுதிகளுக்கு நல்ல விலைபோகின்றது. வாங்குவோரை நாம் குறை கூறவில்லை. பிள்ளைகளுக்காக விலை பேசுவார் ஒருவரும் இல்லையே என்றுதான் வருந்துகின்றோம்.

திறமை நகரத்தில்தான் பிறக்கும் என்பார்க்குச் சேலம் ஜில்லாச் சின்னப்பம்பட்டி நடராஜன் போதிய விடை. எளிய குடும்பத்தில் தோன்றி, டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய அவர், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக முதன்முதல் ஆடி, பிரிஸ்பேன் டெஸ்ட் வெற்றியிலும் பங்கு கொண்டார். அதனினும் நாம் மெச்சுவது, தம் ஊரிலேயே அவர் ஒரு மைதானம் அமைத்து 2023 இல் திறந்துவைத்த செயல். தாம் ஏறி வந்த ஏணியைப் பின்வருவார்க்கும் சாத்தி வைத்தார் அவர்.

ஆகவே நாம் வேண்டுவது இது: மலைமேல் நிலமுடைய பழைய மாணவர் ஓரிரு ஏக்கரையேனும் ஊர்ப்பிள்ளைகட்கு ஒதுக்கட்டும், மாணவர் விடுமுறையிற் சில நாள் மண்வெட்டி ஏந்தட்டும், ஆசிரியர் திங்கள் ஒருமுறை மலையேறிச் சென்று ஆட்டம் நடத்தி வைக்கட்டும். ஒருவர் பெருங்கொடையை எதிர்பார்த்து நிற்றலினும், பலர் சிறு கைகளால் இதனைச் செய்வதே நிலைக்கும். அக்களத்தினின்று கோப்பை வென்றார் தோன்ற இருபதாண்டுகள் ஆயினும் ஆகுக. அதற்கு முன்னரே, மாலைதோறும் அங்குக் கூடும் பிள்ளைகளின் மகிழ்ச்சி நம் உழைப்புக்குப் போதிய ஊதியமாகும்.