பொய் இரையும் முடிச்சும்

பாந்திராப் பாறைகளில் தூண்டிலிடும் நம் அன்பர்கள் சிலர், பொய் இரையைத் திறந்து மூடும் ஊக்கில் மாட்டுவதா, நரம்பிலேயே முடிவதா என வினவுகின்றனர். அடிக்கடி இரை மாற்றுவோர்க்கு ஊக்கு வசதிதான். ஆயினும் சிற்றிரைக்கு அது பாரம், ஆட்டத்தைக் கெடுக்கும். நாம் முடிச்சின் பக்கமே.

இறுகிய முடிச்சினும், இரை தாராளமாக அசைய இடந்தரும் கண்ணி முடிச்சு மேலானது. ஊரில் பருத்தி நூலுக்குப் பழகிய முடிச்சோ, 1938இல் உலகறிந்த நைலானில் வழுக்கிவிடும். இரைக்கிட்ட காசும் போகும். மீனும் வாயில் முள்ளோடு அலையும். ஆகவே நுனியை ஐந்தாறு முறை சுற்றி, எச்சிலால் நனைத்து, மெல்ல இறுக்குக. உலர்ந்தபடி வெடுக்கென இழுத்தால் உராய்வுச் சூட்டில் நரம்பு நலியும்.

பல் கூரிய சீலா மீனை நாடுவோர், நரம்புக்கும் இரைக்கும் இடையே ஒரு சாண் எஃகுக் கம்பி இடுக. அக்கம்பியின் நுனியில் மட்டும் ஊக்கை நாமும் ஒப்புகிறோம்.