கோப்பை கழுவிய கைகள்

அகதியாய் ஐரோப்பா வந்த நம்மவர் பலருக்கு முதலில் திறந்தது உணவகத்தின் பின்கதவே. ஆகவே டென்மார்க்கின் தீவுத் தலைநகரான கோப்பன்ஹேகனில் 2003இல் தொடங்கிய ‘நோமா’வையும் நாம் பின்கதவின் வழியாகவே நோக்குகிறோம்.

வடபுலத்து மண்ணும் கடலும் தருவதையே சமைத்துப் புகழீட்டிய உணவகம் அது. 2010இல் உலகின் முதன்மை உணவகமாகத் தெரிவானபோது, அங்கு கோப்பை கழுவிய காம்பியா நாட்டவர் அலி சொன்கோ விசாச் சிக்கலால் லண்டன் விழாவுக்குச் செல்ல இயலவில்லை. சகபணியாளர்கள் அவர் முகம் பொறித்த சட்டையணிந்து விருது பெற்றனர். 2017இல் அவர் பங்காளியாக்கப்பட்டார், நாம் மகிழ்ந்தோம். எனினும், அதே சமையலறையின் பயிற்சியாளர்களுக்கு 2022இலேயே ஊதியம் வழங்கத் தொடங்கினர்.

உள்ளூர்க் கீரையைப் போற்றுவது நன்று. ஆனால் உழைப்பவருக்குக் கூலி கொடாத சமையல் எங்ஙனம் நிலைபேறானதாகும்? மண்ணைப் பேணுவோர் மனிதரையும் பேணட்டும்.