பார்க்க வந்தவர் கையில் அழிறப்பர்

பேரேட்டைப் புரட்டிப் பார்க்க வந்தவரின் கையிலே அழிறப்பரையும் கொடுத்துவிடும் கணக்குப்பிள்ளையை நாம் கண்டதில்லை. ஆயினும், கணினியிலுள்ள தரவுத்தளங்களைப் பார்வையிட உதவும் கட்டளைவரிக் கருவிகள் பல அவ்வாறே செய்கின்றன. ஒரு வரியைத் தட்டினால் வேண்டிய விவரம் திரையில் வரும்; வேறொரு வரியைத் தட்டினால் உள்ள விவரமெல்லாம் மறைந்தும் போகும். இரண்டிற்கும் வாசல் ஒன்றே.

'மைஎஸ்கியூஎல்' தரவுத்தளத்தின் கருவியை ஆக்கியோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். எந்தப் பதிவை என்று குறியாது 'அழி' எனக் கட்டளையிட்டால் அட்டவணை முழுவதும் வெறுமையாகும் அன்றோ? இதற்கென அவர்கள் ஒரு காவலை அமைத்தனர். இன்ன பதிவென்று சுட்டாத அழிப்பையும் மாற்றத்தையும் அக்காவல் ஏற்காது; பார்வையிட மட்டும் கேட்டாலும் 1000 பதிவுகளுக்கு மேல் காட்டாது. அதற்கு இட்ட பெயர்கள் இரண்டு. ஒன்று 'பாதுகாப்பான மாற்றம்' என்னும் பொருளது. மற்றது 'நான் ஒரு மடையன்' என்பது!

பகிடி நன்றே. ஆனால் இக்காவல் தானாக இயங்குவதன்று, கேட்டால்தான் வரும். தம்மை மடையர் எனத் தாமே தட்டெழுதிக் கேட்கும் அடக்கம் எத்தனை பேருக்கு உண்டு? அவசரத்தில் நிற்பவருக்கே அது வேண்டும். அவரோ அதனை நினையார். காவல் எப்பொழுதும் இருக்க, வேண்டாதவரே அதை நீக்கிக்கொள்ளும்படி அமைத்திருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

2000ஆம் ஆண்டில் றிச்சட் ஹிப் வெளியிட்ட 'எஸ்கியூலைற்'றின் கருவியிலே, 'வாசிக்க மட்டும்' என்று சொல்லித் திறக்க இடமுண்டு. கோப்பின் பெயர் கூறாது புகுந்தாலோ, இங்கே எழுதுவது நிலையாது என்று அதுவே எச்சரித்தும் விடுகின்றது.

'போஸ்கிறெஸ்' தரவுத்தளத்தின் கருவியைப்பற்றி நமக்கு வேறொரு மனக்குறை. எதுவும் பதியாது விட்ட கட்டமும், வெறுஞ்சொல்லைப் பதிந்த கட்டமும் திரையில் ஒன்றுபோலவே வெறுமையாய்த் தோன்றும். நோயாளி ஒருவருக்கு ஒவ்வாத மருந்துகளைக் குறிக்கும் கட்டம் அதுவாயின்? 'ஒன்றுமில்லை' என்பதும் 'இன்னும் கேட்கவில்லை' என்பதும் ஒன்றாகுமா? பதியாத கட்டத்தில் நாம் விரும்பிய அடையாளமொன்றைக் காட்டுமாறு பணிக்க ஒரு கட்டளை உண்டு. அதனைக் கருவியின் தொடக்கக் கோப்பிலே ஒருமுறை எழுதி வைத்தாற் போதும். பின்னர் ஒவ்வொரு நாளும் நினைவுகூர வேண்டியதில்லை.