தாய் கொண்டுவந்த முடி, தகப்பன் பெயரில் ஒரு வம்சம்

ஐரோப்பிய வரலாற்றுப் பாடத்துக்காக நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து இங்கிலாந்து அரச வம்சங்களின் அட்டவணை ஒன்றைக் கீறிக்கொண்டிருந்தோம். பிளாண்டாஜெனெற் வம்சத்துக்கு வந்ததும், உச்சியில் யாரை வைப்பது என்ற கேள்வி எழுந்தது. கையில் இருந்த குறிப்புகள் எல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்லின: பிரான்சின் ஆன்ஜூப் பிரதேசத்துப் பிரபு ஜெப்ரி. அவரிடமிருந்து கோட்டைக் கீழே இழுத்தால் 1154 முதல் 1485 வரை 331 ஆண்டுகள், 14 அரசர்கள். கோட்டைக் கீறி முடித்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இந்த ஆள் ஒருநாளும் இங்கிலாந்தின் அரசனாக இருந்ததே இல்லை. அப்ப முடி எங்கயிருந்து வந்தது?

முடி வந்தது அவருடைய மனைவியிடமிருந்து. இதைச் சொல்லாத புத்தகம் இல்லை. ஆனால் சொல்லிவிட்டு எல்லோரும் கடந்து போய்விடுகிறார்கள். கடந்து போகக்கூடாது என்பதுதான் எங்கட கட்சி.

கதை 1120இல் தொடங்குகிறது. இங்கிலாந்து அரசன் முதலாம் ஹென்றியின் ஒரேயொரு சட்டபூர்வ மகன் வில்லியம், 'வெள்ளைக் கப்பல்' என்ற கப்பல் மூழ்கியதில் இறந்துபோனான். மிச்சமாக இருந்த வாரிசு மகள் மட்டில்டா. ஜெர்மானியப் பேரரசன் ஐந்தாம் ஹென்றியை மணந்து 1125இல் விதவையானவர். தகப்பன் அவரைத் திருப்பி அழைத்து, தனக்குப் பிறகு இவர்தான் என்று பிரபுக்களிடம் 1127இல் சத்தியம் வாங்கினார். அடுத்த வருடமே அவரை ஜெப்ரிக்குக் கட்டிக்கொடுத்தார். மணமகளுக்கு வயது 26, மாப்பிள்ளைக்கு 14. மட்டில்டாவின் விருப்பத்தை யாரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

1135இல் ஹென்றி இறந்தார். சத்தியம் செய்த பிரபுக்களில் கனபேர் அதை மறந்துவிட்டார்கள். மட்டில்டாவின் மச்சான் ஸ்டீபன் மூன்று வாரத்துக்குள் முடிசூடிக்கொண்டார். இதிலே ஒரு பகிடி இருக்கிறது. ஸ்டீபனும் அரச வம்சத்தோடு தொடர்புபட்டது தாய்வழியால்தான். அவருடைய தாய் அடேலா, வெற்றிவீரன் வில்லியத்தின் மகள். ஆகவே பெண்வழி இரத்தம் யாருக்கும் பிரச்சினை இல்லை. அந்த இரத்தம் ஒரு ஆணின் தலையில் முடியாக வந்து உட்கார்ந்தால் சரி. பெண்ணே முடியைக் கேட்டு வந்தால்தான் சிக்கல்.

மட்டில்டா கேட்டு வந்தார். 1139இல் இங்கிலாந்தில் இறங்கினார். 1141இல் லிங்கன் போரில் ஸ்டீபன் சிறைப்பட்டார். முடிசூட்டுக்காக லண்டனுக்குப் போன மட்டில்டாவை நகரத்தவர்கள் விரட்டிவிட்டார்கள். அவர் அகங்காரம் பிடித்தவர் என்று அந்தக் காலத்து எழுத்தாளர்கள் சிலர் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் தவறே செய்யவில்லை என்று நாங்கள் வாதாட வரவில்லை. பணம் கேட்டு லண்டன்காரரைப் பகைத்துக்கொண்டது அரசியல் பிழைதான். ஆனால் அதே கடுமை அவருடைய தகப்பனிடம் இருந்தபோது அதற்கு வேறு பெயர்: உறுதி.

1142 மார்கழியில் ஒக்ஸ்போர்ட் கோட்டை முற்றுகையில் அகப்பட்டவர், உறைந்துபோன ஆற்றையும் பனியையும் தாண்டி நடந்தே தப்பினார். முடி கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. 1153இல் ஸ்டீபன் உடன்படிக்கைக்கு இறங்கினார்; மட்டில்டாவின் மகன் 1154இல் இரண்டாம் ஹென்றியாக முடிசூடினார்.

ஜெப்ரி ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அதுவும் அநியாயம். மனைவி இங்கிலாந்தில் போராடிக்கொண்டிருந்தபோது அவர் நோர்மண்டியைப் பிடித்தார். 1144இல் ரூவான் நகரம் விழுந்தது. அந்தத் தளம் இல்லாவிட்டால் மகனின் கை பலப்பட்டிருக்காது. ஆனால் நோர்மண்டிக்கும் அவர் உரிமை கோரியது மனைவியின் பெயரால்தானே? 1151இல் மகன் முடிசூடுவதைக் காணாமலே ஜெப்ரி இறந்துபோனார்.

இப்ப பெயர் விசயத்துக்கு வருவோம். 'பிளாண்டாஜெனெற்' என்பது ஜெப்ரியின் பட்டப்பெயர். மஞ்சள் பூப் பூக்கும் ஒரு புதர்ச்செடியின் கிளையைத் தொப்பியில் செருகிக்கொள்வாராம், அதனால் வந்தது என்பார்கள். அவருடைய மகன் அதைக் குடும்பப் பெயராக வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் ஹென்றியை அந்தக் காலத்தில் அழைத்தது 'பேரரசியின் மகன்' என்று. தன் உரிமை எந்தப் பக்கத்தால் வந்தது என்று அவருக்கு நல்லாவே தெரிந்திருந்தது.

அப்ப இந்தப் பெயர் எப்போது வந்தது? ஏறத்தாழ 300 வருடம் கழித்து, 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், யோர்க் கோமகன் ரிச்சர்ட் அதைத் தன் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார். ஏன் என்று யோசித்துப் பாருங்கோ. அவர் சிம்மாசனத்துக்குக் கண் வைத்திருந்தவர். ஆனால் அவருடைய பலமான உரிமை அவருடைய தாய் ஆன் மோர்ட்டிமர் வழியாக வந்தது. அதற்கும் மேலே இன்னொரு பெண், பிலிப்பா. இரண்டு பெண்களைத் தாண்டி வந்த உரிமையை வைத்துக்கொண்டு, தகப்பன்வழி முப்பாட்டன் ஒருவரின் பெயரை அவர் முன்னால் ஒட்டிக்கொண்டார். எங்களுக்கு இது தற்செயலாகத் தெரியவில்லை. தாய்வழி உரிமைக்கு மேலால் போர்த்திய தகப்பன்வழிப் போர்வையாகத்தான் தெரிகிறது.

இந்த வம்சம் முழுக்க இதே வேலைதான். மூன்றாம் எட்வர்ட் பிரான்சின் முடியைக் கேட்டது தன் தாய் இசபெல்லாவின் உரிமையால். 1337இல் தொடங்கிய நூறாண்டுப் போருக்கு அந்தக் கோரிக்கையும் ஒரு காரணம். தேவைப்படும்போது தாய், பெயர் வைக்கும்போது தகப்பன்.

கடைசி அரசன் மூன்றாம் ரிச்சர்ட் 1485இல் பொஸ்வேர்த் போரில் கொல்லப்பட்டார். 2012இல் லெஸ்டர் நகரத்தில் ஒரு வாகனத் தரிப்பிடத்துக்குக் கீழே அவருடைய எலும்புக்கூடு கிடைத்தது. மரபணுப் பரிசோதனை முடிவுகள் 2014இல் வெளிவந்தன. அவருடைய சகோதரியின் பெண்வழியில் வந்த, இன்று வாழ்பவர்களோடு தாய்வழி மரபணு பொருந்தியது. ஆண்வழியில் வந்தவர்கள் என்று பதிவுகள் சொல்லும் ஆட்களோடு தகப்பன்வழி மரபணு பொருந்தவே இல்லை. இடையில் எங்கோ ஒரு தலைமுறையில் அட்டவணைத் தகப்பன் உண்மைத் தகப்பனாக இருக்கவில்லை. அது எந்தத் தலைமுறை என்று தெரியாததால், எந்த அரசனின் உரிமையும் இதனால் கவிழ்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் நூற்றாண்டுக் கணக்காகத் தடித்த கோட்டில் கீறப்பட்ட ஆண்வழி அறுந்திருக்க, யாரும் கவனித்துக் கீறாத பெண்வழிதான் ஒரு அரசனை அடையாளம் காட்டியது.

"அது அந்தக் காலத்து வழக்கம், இப்ப ஏன் கிளறுகிறீர்கள்?" என்று ஒரு நண்பன் கேட்டான். அந்தக் காலத்து வழக்கப்படி பார்த்தால் ஹென்றி பேரரசியின் மகன். ஜெப்ரியின் பட்டப்பெயரை முழு வம்சத்துக்கும் ஒட்டியது பிற்காலத்து வரலாற்றாசிரியர்கள். அட்டவணை கீறும் ஒவ்வொரு முறையும் அந்தத் தெரிவை நாங்களும் திரும்பச் செய்கிறோம். பரீட்சைக்குப் பாடமாக்கும்போது அது இயற்கை என்றே நம்பிவிடுகிறோம். எங்கட பெயருக்கு முன்னால் நிற்கிற முதலெழுத்து யாருடையது என்று கனகாலம் நாங்களும் கேட்காமல் இருந்ததைப்போல.

மட்டில்டாவைத் தூக்கிப் பிடிப்பதற்காக எழுதியதல்ல இது. அவரும் ஸ்டீபனும் மோதிய வருடங்களில் பட்டினி கிடந்த குடியானவர்களின் பெயர் எந்த அட்டவணையிலும் இல்லை. அது இதைவிடப் பெரிய மறதி. ஆனால் உச்சியில் இருந்த ஒருத்தியையே இவ்வளவு சுலபமாக மறைக்கலாம் என்றால், கீழே இருந்தவர்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

எங்கட அட்டவணையை நாங்கள் திருத்திக் கீறினோம். உச்சியில் இரண்டு பெயர்கள். தடித்த கோடு மட்டில்டாவிடமிருந்து இறங்குகிறது. புள்ளி எவ்வளவு கிடைக்கும் என்று தெரியாது. விளக்கம் கேட்டால் சொல்லத் தயாராக இருக்கிறோம்.