ஒரு மூடிக்கு 111 திருகாணிகள்

பூமிக்கு மேலே சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில், தடித்த கையுறை அணிந்துகொண்டு, ஒரு மூடியைக் கழற்ற 111 சிறு திருகாணிகளை அவிழ்க்க வேண்டும். 2009 மே மாதம் விண்வெளி வீரர் மைக் மசிமினோவுக்குக் கிடைத்த வேலை இது.

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியில் 'ஸ்டிஸ்' என்றொரு கருவி இருக்கிறது. விண்மீன்களின் ஒளியை நிறங்களாகப் பிரித்து ஆராய்வது அதன் பணி. 1997ல் பொருத்தப்பட்ட அது, 2004ல் மின்வழங்கிக் கோளாறால் நின்றுபோனது. ஒரு மின்சுற்றுப் பலகையை மாற்றினால் போதும். ஆனால், பலகையை எட்டுவதுதான் சிக்கல். கழன்ற திருகாணி ஒன்று மிதந்து கருவிக்குள் புகுந்தால் பெருங்கேடு. அதனால், கழலும் திருகாணிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தட்டு ஒன்றைப் பொறியாளர்கள் தனியாகச் செய்து கொடுத்தார்கள். அப்படியும் மூடிக்கு முன்னால் இருந்த கைப்பிடியின் ஒரு திருகாணி தேய்ந்துபோய்ச் சுழல மறுத்தது. கடைசியில் மசிமினோ கைப்பிடியை இழுத்தே உடைத்தார். 8 மணி நேரத்துக்கும் மேல் நீடித்த அந்த விண்நடையின் முடிவில் ஸ்டிஸ் உயிர்பெற்றது.

அவரது துணிச்சலை எல்லாரும் பாராட்டுகிறோம். ஆனால், அப்படியொரு துணிச்சல் ஏன் தேவைப்பட்டது என்றும் நாம் கேட்க வேண்டும். ஸ்டிஸ் கருவியை விண்வெளியில் திறக்க வேண்டிவரும் என்று வடிவமைத்தபோது யாரும் எண்ணவில்லை. அதுதான் காரணம்.

இத்தனைக்கும் ஹப்பிள், வீரர்கள் சென்று பழுதுபார்ப்பதற்கென்றே திட்டமிடப்பட்ட தொலைநோக்கி. அதன் கருவிகளை மேசை இழுப்பறைபோல முழுதாக உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். 1990ல் ஏவப்பட்டபோது அதன் முதன்மைக் கண்ணாடியின் விளிம்பில், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குப் பிழை இருந்தது. படங்கள் மங்கலாக வந்தன. 1993 டிசம்பரில் வீரர்கள் பழைய கேமராவை உருவிவிட்டு, அந்தப் பிழையைச் சரிசெய்யும் புதிய கேமராவைப் பொருத்தினார்கள். வரைபட நிலையிலேயே அந்த இழுப்பறை யோசனை தோன்றியிராவிட்டால், ஹப்பிள் இன்று ஒரு தோல்விக் கதையாக இருந்திருக்கும்.

"யாரும் போக முடியாத இடத்துக்கு அனுப்பும் கருவிக்கு இது பொருந்துமா?" என்று கேட்கலாம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே பழுதுபார்ப்புக்கு வழியில்லை. அதனால்தான், ஒன்று தவறினாலே முழுப் பயணமும் பாழாகக்கூடிய 344 இடங்களை நாசா முன்கூட்டியே கணக்கெடுத்தது. சோதனைகளைத் திரும்பத் திரும்ப நடத்தியது. பழுதுபார்க்க முடியுமா, முடியாதா என்பதை முதலிலேயே தெளிவாக முடிவுசெய்ததன் பயன் அது.

மாணவர்களே, பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ரோபோ செய்கிறீர்களா? மின்கலத்தை அடியில் வைத்துப் பசைபோட்டு ஒட்டுவதற்கு முன், எது முதலில் கெடும், அதைக் கை எட்டுமா என்று தாளில் எழுதிப் பாருங்கள். நடுவர்களுக்கும் ஒரு கோரிக்கை: ரோபோ ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். "மின்கலத்தை இப்போதே மாற்றிக் காட்டு" என்று கேளுங்கள். அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.